திரும்பினால் வால்தான் தலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்று ஏறப் போகிற மனிதர் தோல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டால், பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

எக்ஸ்ரே அக்கா சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, தன் பழைய கேன்வாஸ் ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டியபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். கணவர் குனிந்து பிரஷ்ஷை அப்படியும் இப்படியும் இழுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வருகிற கறுப்பு ஷூ. போதாக்குறைக்கு மீசைக்கு மை வேறு.

"என்னங்க, இன்னிக்கு நாம போறது மலைக்கா, மாப்பிள்ளை பார்க்கவா?"

"ஒரு மனுஷன் நீட்டா வரக் கூடாதா?"

"வரலாமே. முள்ளுக்காட்டுக்கு இவ்வளவு நீட்டா யாரும் வந்து நான் பார்த்ததில்லை."

அவர் அடுத்த ஷூவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அங்கேதான் அக்காவுக்குச் சந்தேகம் உறுதியானது. வாய் ஓயாத ஆள் அவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தி, கிளட்ச், பிரேக், கண்ணாடியைப் பாரு என்று வாழ்நாளெல்லாம் கத்தியே தொண்டை தடித்தவர். அந்த வாய் மூடியிருக்கிறது என்றால் உள்ளே என்னவோ பூட்டி வைத்திருக்கிறார்.

பூட்டி வைத்ததைப் பார்ப்பதுதான் அக்காவின் பிழைப்பே. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், கதவுக்கு மேலே எரியும் சிவப்பு விளக்குக்குக் கீழே வாரத்தில் ஆறு நாள். ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று, ஒரே பாட்டு: "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க."

அந்தப் பாட்டில்தான் கல்யாணமும் நடந்தது. கற்றுக்குட்டி ஒருவன் காரைச் சுவரில் முட்டியதில் விலா எலும்பு விரிசலோடு இவர் வந்து சேர்ந்தார். இழுங்க என்றாள், இழுத்தார். பிடிங்க என்றாள், பிடித்தார். அதற்குள் போன் மணி அடிக்க, பேசிவிட்டுத் திரும்பினால் ஆள் கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறார். விடுங்க என்று சொல்லவில்லையாம், அதனால் விடவில்லையாம்! சொன்ன சொல் கேட்கிற ஆம்பளை கிடைத்துவிட்டான் என்று அக்கா அன்றைக்கே கவிழ்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் ஒரு சொல்லும் கேட்டதில்லை என்பது வேறு கதை.

கடைசி பஸ் நிறுத்தத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஞாயிறு தவறாமல் நடக்கிற கூட்டம். அதில் சலூன்காரத் தம்பி இருந்தால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை; பேக்கரி அண்ணி இருந்தால் பன்னுக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் அவரவர் பிளாஸ்க்கும் தொப்பியுமாக, வாரம் பூராவும் சேர்த்து வைத்த வம்புகளோடு வந்திருந்தார்கள்.

"தலைவரே! ஷூல முகம் பார்த்து நானே தலை சீவிக்கலாம் போலிருக்கே!" என்றான் சலூன் தம்பி.

"உனக்கெல்லாம் இளக்காரம்டா," என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக முன்னால் போய்விட்டார்.

அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் உண்டு. ஒற்றை வரிசை. முன்னால் போகிறவர் தலை, கையில் மூங்கில் தடி. கடைசியில் வருகிறவர் வால், கழுத்தில் விசில். கதவோ, ஓடையோ, எதைத் தாண்டினாலும் வால் கடந்து வந்து விசில் அடிக்கிற வரைக்கும் தலை ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது.

தலை, அவர். வால், அக்கா. "வீட்டுலயும் இதே வரிசைதானா?" என்று அண்ணி கேட்காத வாரமில்லை.

சட்டத்தை எழுதியவரும் அவர்தான். முன்னொரு தடவை குன்று உச்சியில் பனிமூட்டம் கவிந்து, திரும்பிவிடலாம் என்று முடிவானபோது, திரும்பியதும் கடைசியாகிப் போன தலைவர் முட்டி மோதி முன்னுக்கு வர, வரிசை குலைந்தது. சலூன் தம்பி பள்ளத்தில் விழுந்தான். அது கூடப் பரவாயில்லை. அக்கா தனியாகப் பனிக்குள் விடுபட்டுப் போனாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றி, பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுவாரமே தலைவர் பஸ் நிறுத்தத்தில் நின்று அறிவித்தார். "ரிவர்ஸ் எடுத்தா வண்டியோட பின்பக்கம்தான் முன்பக்கம். அதே மாதிரி, வரிசை திரும்பினா வால்தான் தலை. தலை வாயை மூடிக்கிட்டுப் பின்னாடி வரணும். மறுபடி வரிசை திரும்பற வரைக்கும் அதான் சட்டம். யாரா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி!"

எல்லோரும் கை தட்டினார்கள். பனிமூட்டம் மறுபடி வரவில்லை. வரிசை நடுவழியில் திரும்பவும் இல்லை; உச்சியில் டீ குடித்து இறங்குவதை யாரும் திரும்பலாகக் கணக்கெடுக்கவில்லை, அப்போதும் தலைவரே முன்னால் போவார். சட்டம் சும்மா கிடந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மற்ற ஞாயிறுகள் மாதிரி இல்லை.

குன்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை ஒரு பண்ணை நிலத்தின் ஊடாகப் போகிறது. பண்ணையைப் புதிதாக வாங்கிய முதலாளி, வந்த வேகத்தில் சுற்றிலும் முள்கம்பி இழுத்து, பாதைக்குக் குறுக்கே இரும்புக் கதவு வைத்து, கம்பிவேலி என்ற பெயரையும் சம்பாதித்துக்கொண்டார். அத்தோடு விடவில்லை. இந்தப் பாதையில் யாருமே நடப்பதில்லை, வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நில அளவை அலுவலகத்தில் மனுவும் போட்டுவிட்டார்.

அந்த மனு மேல்தான் இன்று விசாரணை. சர்வேயர் அம்மா காலையிலேயே வேறு வழியாக உச்சிக்குப் போய், மொட்டைப் பாறை மேல் சிவப்புக் கொடி நட்டு உட்கார்ந்திருப்பார். உச்சிவெயிலுக்குள் அந்தப் பாதையில் யாராவது நடந்து வந்து சேர்ந்தால் கொடியைப் பிடுங்கிவிடுவார். பாதை எல்லோருக்கும் பொது. யாரும் வரவில்லையென்றால் கொடி அங்கேயே நிற்கும். பாதை கம்பிவேலிக்குச் சொந்தம்.

அக்காவுக்கு அது வெறும் பாதை இல்லை. ஆறு நாள் ஜன்னல் இல்லாத அறையில் அடுத்தவர்களின் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறவளுக்கு, தன் மூச்சை விட இருந்த ஒரே இடம் அந்த உச்சி. அதைப் பூட்டுவார்களாம். இவள் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

பம்ப் செட் அறையைத் தாண்டி வளைந்ததும் வரிசை நின்றது.

கடைசியில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். இரும்புக் கதவு. சங்கிலி. கை பெரிசுக்கு ஒரு பூட்டு. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது கதவுக்கு முன்னால் இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜை, அடுக்கி வைத்த கேக், ஆவி பறக்கும் டீ. பக்கத்தில், கதவுக்கு இந்தப் புறமே, கைகளை அகல விரித்தபடி கம்பிவேலி முதலாளி.

"வாங்க வாங்க தலைவரே! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்!"

தலைவரின் ஷூ பளபளத்தது. அக்காவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. படம் கழுவி விளக்கில் மாட்டின மாதிரி.

மேஜைக்குப் பின்னால் பெரிய படம் ஒன்று நிறுத்தியிருந்தார்கள். ஏரி; அதைச் சுற்றி சிமெண்ட் நடைபாதை, பெஞ்சுகள், பூந்தொட்டிகள். வாசலில் ஒரு வளைவு. வளைவின் மேல், கொட்டை எழுத்தில், தலைவரின் முழுப் பெயர்.

"எல்லாரும் கொஞ்சம் கவனிங்க," என்று தலைவர் தொண்டையைச் செருமினார். "சார் நமக்காக ஏரிக்கரையில புதுப் பாதை போட்டுத் தர்றார். மேடு கிடையாது, முள்ளு கிடையாது. சும்மா வழுவழுன்னு இருக்கும். அதனால இன்னிக்கு மேல போக வேண்டாம்னு நானும் சாரும் பேசி முடிவு பண்ணியிருக்கோம்."

"நாங்க எப்ப பேசினோம்?" என்றான் சலூன் தம்பி.

"கேக் எடுத்துக்கப்பா," என்றார் கம்பிவேலி.

பேக்கரி அண்ணி ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "எதிர்க்கடைச் சரக்கு. க்ரீம் வேர்த்திருக்கு பாருங்க. இதுக்கா ஒரு மலையை வித்தீங்க, தலைவரே?"

தலைவரின் மீசை துடித்தது. "வித்தேன் கித்தேன்னு பேசாதீங்க அண்ணி! நமக்கெல்லாம் வயசாகுது. என் வீட்டுக்காரியையே எடுத்துக்கங்க. முட்டி தேஞ்சு போச்சு. ராத்திரி முனகறா. அவளுக்காகத்தான் நான் இதுக்கு ஒத்துக்கிட்டேன்."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தன. ஐயோ பாவம் என்கிற பார்வை. அந்தப் பார்வை பட்டதும் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் முட்டியை எதுக்குங்க நடுவுல இழுக்கறீங்க?"

"உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

"என் முட்டியை நானே படம் எடுத்திருக்கேன். அதுல எது தேஞ்சிருக்கு, எது தேயலைன்னு எனக்குத் தெரியும். வளைவுல பேர் போடணும்னு ஆசையா இருந்தா ஆசைன்னு சொல்லுங்க. அதைத் தூக்கி என் கால் மேல போடாதீங்க."

"அம்மா ரொம்ப வாலாட்டறாங்களே!" என்று கம்பிவேலி சிரித்தார்.

"என் வேலையே அதான் சார். நான்தான் வால்."

தலைவருக்கு முகம் சிவந்தது. ஒரு வெளி ஆள் எதிரே மானம் போகிறது. மூங்கில் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். வழக்கமான டிரைவிங் ஸ்கூல் குரல் வெளியே வந்தது.

"விவாதம் கிவாதம் எதுவும் வேண்டாம். தலை சொல்றேன். எல்லாரும் திரும்புங்க!"

பழக்கம் விடுமா? அத்தனை பேரும் திரும்பினார்கள்.

 சலூன் தம்பியின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு முளைத்தது.

"தலைவரே, இப்ப என்ன சொன்னீங்க?"

"திரும்புங்கன்னேன். காது செவிடா?"

"திரும்பியாச்சு," என்றான் அவன். பிறகு நேரே பார்த்து, "அக்கா, எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

அக்காவுக்கே அப்போதுதான் உறைத்தது. முகங்கள் எல்லாம் அவளைப் பார்த்திருந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் யாருமில்லை. எந்தச் சட்டத்துக்குக் கை தட்டினார்களோ, அந்தச் சட்டம் இப்போது எழுந்து நின்றுவிட்டது.

வரிசையின் ஓரமாகவே நடந்து கடைசிக்குப் போனாள். கணவர் கையிலிருந்த தடியை வாங்கினாள். அவர் தரவில்லை, பிடுங்கினாள் என்றே வைத்துக்கொள்ளலாம். தன் கழுத்து விசிலைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள்.

"இந்தாங்க வால். வாயை மூடிக்கிட்டுப் பின்னாடி வாங்க."

"ஏய், இது... இது பனிமூட்டத்துக்குப் போட்ட ரூல்!"

"யாரா இருந்தாலும் சரின்னு சொன்னது யாரு? பனியா?"

அண்ணி கொல்லென்று சிரித்தார். அக்கா முன்னுக்கு வந்தாள். கொஞ்ச தூரம் வந்த வழியே நடத்திப் போய், பம்ப் செட் அறைக்குப் பக்கத்தில் சட்டென்று தடியைப் பக்கவாட்டில் நீட்டினாள். பாதையை ஒட்டியே ஓடுகிற வாய்க்கால், கோடையில் காய்ந்து கிடந்தது. கடைசியில் நடந்து நடந்து, முட்டி வலிக்கிறபோதெல்லாம் அதன் கரையில் குந்தி இளைப்பாறியிருக்கிறாள். முள்கம்பி வாய்க்காலுக்கு மேலேதான் போகிறது, அடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு இடம் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"இறங்குங்க. குனிஞ்சே வாங்க. தொப்பியைக் கழட்டுங்க, கம்பி மாட்டும்."

"நகையைக் கழட்ட வேண்டாமா அக்கா?" என்றான் தம்பி.

"உன் நாக்கைக் கழட்டி வை, போதும்."

ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்து, சருகும் மண்ணுமாகத் தவழ்ந்து, கதவுக்கு அந்தப் பக்கம் போய்க் கரையேறினார்கள். அண்ணி மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டு, "இனிமே என் பன்னை நானே தின்ன மாட்டேன்!" என்று கத்த, முன்னால் ரெண்டு பேர் இழுத்து, பின்னால் ரெண்டு பேர் தள்ளி வெளியே எடுத்தார்கள்.

கம்பிவேலி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "அத்துமீறல்! என் நிலத்துல அத்துமீறல்!"

"வாய்க்கால் அரசாங்கத்துது," என்றாள் அக்கா, மண்ணைத் தட்டிவிட்டபடி. "நான் நிக்கறது பாதை. அது இன்னிக்கு உச்சிவெயில் வரைக்கும் ஊருக்குப் பொது. நடுவுல உங்களுதுன்னு இருக்கறது அந்தப் பூட்டு மட்டும்தான். அதை நாங்க தொடலை."

சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. மேலே மொட்டைப் பாறையில் சிவப்புக் கொடி ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது.

"கிளம்பலாம் அக்கா!" என்றான் தம்பி.

அக்கா நகரவில்லை. "வால் இன்னும் வரலை."

எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். அந்தப் புறத்தில், வெள்ளைத் துணி மேஜைக்குப் பக்கத்தில், பளபளக்கிற ஷூவோடு தலைவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் விசில். தோளில் கம்பிவேலியின் கை.

"அவர் எங்க வரப் போறார்? நேரம் ஆகுது அக்கா. சர்வேயர் அம்மா கிளம்பிட்டா எல்லாம் போச்சு," என்று தம்பி பதறினான்.

"விசில் கேக்காம தலை ஒரு அடி வைக்கக் கூடாது."

"நீங்களுமா? அதான் அவரே நம்மளை வித்துட்டாரே!"

"அவர் என்ன வேணா பண்ணட்டும்," என்றாள் அக்கா. "நான் ஒரு தடவை அந்தப் பனிக்குள்ள உட்கார்ந்திருக்கேன். வாலை விட்டுட்டுப் போற வரிசைக்கு நான் தலையா இருக்க மாட்டேன். இன்னொண்ணு. நாம சட்டத்தை மதிக்கற வரைக்கும்தான் இது வரிசை. உடைச்சுட்டா வெறும் கும்பல். கும்பலை எவன் வேணா விரட்டலாம்."

கம்பிவேலிக்கு இது காதில் விழுந்துவிட்டது. குஷியாகிவிட்டார். "கேட்டீங்களா தலைவரே? நீங்க ஊதாம இருந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம். நில்லுங்க, டீ குடிங்க. வளைவுல இன்னும் பெருசா எழுதிடலாம் பேரை."

தலைவர் நின்றார். வெயில் நிற்கவில்லை. பாறையின் நிழல் சுருங்கிக்கொண்டே போனது.

போய்க் கெஞ்சலாமா? அக்காவின் மனசில் அந்த எண்ணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மை மீசை, சலவைச் சட்டை, அதற்கு உள்ளே என்றைக்கோ விரிசல் விட்டுக் கூடின அந்த விலா எலும்பு. இந்த மனிதரின் உள்ளே அவள் பார்க்காத இடம் கிடையாது.

தடியை ஊன்றி நிமிர்ந்தாள். அடித்தள அறையில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருகிற அதே குரலை எடுத்தாள்.

"மூச்சை இழுங்க!"

தலைவரின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அனிச்சையாக மார்பு விரிந்தது.

"பிடிங்க!"

பிடித்தார். கன்னம் உப்பியது. கம்பிவேலி அவரைப் பிடித்து உலுக்கினார். "என்ன சார் இது கூத்து? பொண்டாட்டி சொன்னா மூச்சைப் பிடிப்பீங்களா? நீங்க எழுதின ரூல்ஸை நாய்கூட மதிக்காது, விடுங்க!"

தலைவர் விடவில்லை. விடச் சொல்ல வேண்டிய ஆள் கம்பிவேலி இல்லையே. முகம் மெல்ல மெல்லக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கை தானாக விசிலை எடுத்து உதட்டில் வைத்தது. அவர் கண் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த பெண்டாட்டி மேலேயே இருந்தது.

அக்கா அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வைத்தாள். அவளுக்கும் தீர்க்கக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"விடுங்க!"

விசில் அலறியது. பம்ப் செட் கூரையில் இருந்த பறவைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. கம்பிவேலி துள்ளியதில் கேக் தட்டு கவிழ்ந்தது. தலைவர், தோளில் கிடந்த கையை உதறினார்.

"கையை எடுங்க சார். வால் கடைசியாத்தான் போகணும். ஆனா போகணும்."

பாலிஷ் போட்ட ஷூவோடு வாய்க்காலில் குதித்தார். கம்பிக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்தபோது சலவைச் சட்டையின் முதுகு முழுக்கச் சருகு. கரையேறி, மூச்சிரைக்க, மறுபடி ஒரு தடவை விசில் அடித்தார். சட்டப்படி, கடந்த பிறகு அடிக்கிறதுதான் கணக்கு.

அக்கா தடியைக் கையில் எடுத்தாள். மேலே ஏறத் தொடங்கினாள். முட்டி ஒவ்வொரு அடிக்கும் கடுகு வெடிக்கிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும். அது அவளுடைய முட்டி.

உச்சியில் சர்வேயர் அம்மா குடையை மடக்கிக் கொண்டிருந்தார். புதர் விலகி, மண்ணும் முள்கீறலுமாக ஒவ்வொருவராக வெளிப்பட, அவர் கண் அகன்றது.

"எந்த வழியா வந்தீங்க?"

"பாதையில," என்றாள் அக்கா.

"பாதையில கதவு போட்டிருக்கறதா கேள்விப்பட்டேனே."

"போட்டிருக்காங்க. அவங்களுக்கு அது அலங்காரம் போலிருக்கு. எங்களுக்கு உபயோகப்படலை."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எல்லாரும் வந்தாச்சா?"

"இருங்க. வால் வரணும்."

கடைசியாக அவர் வந்தார். ஒரு ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, அதன் அடித்தோல் வாய் பிளந்து தொங்க, மீசை மை வேர்வையில் கன்னம் வரை இறங்கியிருக்க. விசிலை எடுத்து ஊதினார்.

சர்வேயர் அம்மா சிவப்புக் கொடியைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் செருகினார். கூட்டம் போட்ட கூச்சல் பண்ணை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டார்கள்.

டீயும் பன்னும் முடிந்து மூட்டை கட்டுகிற நேரம். தலைவர் மெதுவாக அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியிருந்தது.

"சரி, கிளம்பலாமா? எல்லாரும் திரும்பணும். திரும்பினா..." தொண்டையைச் செருமினார், "சட்டப்படி வால்தானே தலை?" தடிக்காகக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். வந்த பாதையைப் பார்த்தாள். பிறகு, இதுவரை அந்தக் கூட்டம் ஒரு தடவைகூட இறங்காத, குன்றின் மறுபக்கச் சரிவைப் பார்த்தாள். கீழே, எங்கேயோ தூரத்தில், வேறு ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"யாருங்க திரும்பறாங்க?" என்றாள். தடியை ஊன்றி நேராக நடந்தாள். "வரிசையா வாங்க. வால், விசில் பத்திரம்!"